ஸ்ப்ளெண்டர் எஞ்சினில் வால்வு டைமிங் வைக்கும் முறை

எஞ்சின் வேலையை வீட்டிலேயே கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்குப் பழைய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டரைத்தான் நான் சொல்வேன். 1985-இல் சிடி 100 வண்டியோடு வந்து, 1994-இல் ஸ்ப்ளெண்டரிலும் இடம்பிடித்த அந்த 97.2 சிசி எஞ்சினில் உள்விட்டம் 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 49.5 மில்லிமீட்டர். படுக்கைவாட்டில் ஒரே சிலிண்டர், அதன் தலையில் (ஹெட்டில்) வால்வுகளைத் திறக்கும் ஒரு கேம் ஷாஃப்ட், இரண்டு வால்வுகள், பிஸ்டன் சுழற்றும் கிராங்கோடு கேமை இணைக்கும் ஒரு டைமிங் செயின், அவ்வளவுதான். பிஸ்டனின் நிலைக்கு ஏற்ற நேரத்தில் வால்வுகள் திறந்து மூடும்படி இந்தச் செயினை மாட்டுவதுதான் வால்வு டைமிங் வைப்பது. புது பிஸ்டன் போட்டு, வால்வைத் தேய்த்து உட்காரவைத்த பிறகும் வண்டி இழுக்கவில்லை என்று கார்புரேட்டரைத் திரும்பத் திரும்பக் கழற்றுபவர்கள், முதலில் பார்க்கவேண்டியது கேம் ஸ்ப்ராக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பற்சக்கரத்தை. (டூ-ஸ்ட்ரோக் வண்டியான யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது, அதில் போர்ட்டுகளைத் திறந்து மூடும் வேலையைப் பிஸ்டனே பார்த்துக்கொள்கிறது.)

கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் ஒரு சுற்றுதான் சுற்றும் என்பதால், கேம் ஸ்ப்ராக்கெட்டில் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டைப்போல் இரண்டு மடங்கு பற்கள் இருக்கும். மேலே 28 பற்கள் என்றால் ஒரு பல் பிசகினால் கேம் ஏறத்தாழ 12.9 பாகை விலகும்; கிராங்க் கணக்கில் அது 25.7 பாகை. ஒரு பல்தானே என்று விட்டுவிட்டால், கிக்கரில் கம்ப்ரெஷன் குறைந்து தெரியும், ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், ஆகிவிட்டாலும் மேட்டில் மூச்சு வாங்கும்.

குறிகள் இரண்டு. கிராங்கின் இடப்பக்க முனையில் சுழலும் காந்தச் சக்கரமான மேக்னெட்டில் உள்ள ‘டி’ குறி, எஞ்சின் கேஸில் உள்ள குறிக்கு நேராக நின்றால் பிஸ்டன் மேல் முனையில் இருக்கிறது என்று பொருள். அதற்குச் சற்று முன்னால் வரும் ‘எஃப்’ குறி ஸ்பார்க் விழும் நேரத்துக்கானது. அழுக்கேறிய மேக்னெட்டில் இதை அதுவென்று எடுத்துக்கொள்வது எளிது, ஆகவே துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. மேலே கேம் ஸ்ப்ராக்கெட்டில் உள்ள சிறு வட்டக் குறி, ஹெட்டில் வெட்டியிருக்கும் குறிக்கு நேராக வரவேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு, மேக்னெட்டை இடஞ்சுழியாக, அதாவது எஞ்சின் ஓடும் திசையிலேயே திருப்பவேண்டும். அப்போது செயினை மற்றொரு கையால் தூக்கிப் பிடித்திருக்காவிட்டால், அது கீழே கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் சுருண்டு சிக்கிக்கொள்ளும்.

கேமைப் பூட்டும் முன்பே, “இது கம்ப்ரெஷன் மேல் முனையா (கலவையை அழுத்தி முடிக்கும் இடமா), எக்ஸாஸ்ட் மேல் முனையா (புகையை வெளியே தள்ளி முடிக்கும் இடமா)?” என்று பலரும் குழம்புகிறார்கள். செயின் மாட்டாத நிலையில் கிராங்குக்கு அந்த வேறுபாடே கிடையாது. எந்த ஸ்ட்ரோக் என்பதைத் தீர்மானிப்பது கேம். இந்த எஞ்சினில் ஸ்பார்க்கும் கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் விழுவதால், ‘டி’ குறி நேராக நின்று, வட்டக் குறியும் நேராக நின்றால் போதும்.

உண்மையான சிக்கல், குறி ‘கிட்டத்தட்ட’ நேராக நிற்கும்போதுதான் வருகிறது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இல்லாமல் தளர்ந்து கிடக்கும் செயினில் குறியைப் பார்ப்பதில் பயனில்லை. கேம் ஸ்ப்ராக்கெட்டின் போல்ட்டை முடுக்கி, டென்ஷனரின் புஷ் ராடையும் ஸ்பிரிங்கையும் அதனதன் இடத்தில் போட்டு, மேக்னெட்டை முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றி ‘டி’ குறியில் நிறுத்தி, கண்ணை ஸ்ப்ராக்கெட்டுக்கு நேரே வைத்துப் பார்க்கவேண்டும். சுற்றும்போது எங்காவது இரும்பில் முட்டியதுபோல் நின்றால், அதற்குமேல் அழுத்தவே கூடாது. வால்வு பிஸ்டனைத் தொட்டிருக்கலாம். இரண்டு சுற்றுக்குப் பிறகும் வட்டக் குறி சிறிது பின்தங்கி நின்றால், செயின் நீண்டிருக்கிறது, அல்லது லேத்தில் ஹெட்டின் முகத்தைச் சீவியதால் கேமுக்கும் கிராங்குக்கும் இடையிலான தூரம் குறைந்திருக்கிறது. இரண்டுமே கேமைத் தாமதப்படுத்தும். ஒரு பல் முன்னே மாற்றிப் போட்டு அதைச் சரிக்கட்ட முயல்பவர்கள், சிறிய பிசகை எடுத்துவிட்டுப் பெரிய பிசகை வைக்கிறார்கள். பழைய செயினையே திரும்பப் போடுவது, என் கருத்தில், இவ்வளவு செலவு செய்த பிறகு காட்டும் வீண் சிக்கனம். செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றிவிடலாம்.

குறிகள் ஒத்துவந்ததும், கேமின் தள்ளலை வால்வுக்குக் கொண்டுபோகும் இரண்டு ராக்கர்களையும் விரலால் அசைத்துப் பார்த்தால், இரண்டிலும் மெல்லிய ஆட்டம் தெரியும். இன்னொரு சுற்றுச் சுற்றி அடுத்த ‘டி’ குறிக்கு வந்தால் வட்டக் குறி எதிர்ப்பக்கம் போயிருக்கும். அங்கே டப்பெட்டை, அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் இடையிலான இடைவெளியை, வைக்கக் கூடாது. எக்ஸாஸ்ட் மூடி முடியும் நேரமும் இன்டேக் திறக்கத் தொடங்கும் நேரமும் அதுதான். முதல் நிலைக்கே திரும்பி, எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, கையேட்டில் உள்ள அளவுக்கான ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) லேசான பிடிப்போடு நுழைந்து வரும்படி வைக்கவேண்டும். லாக் நட்டை முடுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பிவிடும் என்பதால், முடுக்கிய பிறகு கேஜை மறுபடி நுழைத்துப் பார்க்கவேண்டும். புதிதாகத் தேய்த்த வால்வுகள் சீட்டில் படியப் படிய இந்த இடைவெளி குறையும். ஆகவே சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் டப்பெட்டை இன்னொரு முறை சரிபார்க்கவேண்டியிருக்கும்.