எஸ் பாஸ் நிராகரிக்கப்பட்டபோது நாங்கள் செய்தது

சிங்கப்பூரில் ஒரு சிறிய குளிர்சாதனப் பராமரிப்பு நிறுவனத்தில் அலுவலக நிர்வாகம் என் பொறுப்பு. 2025 அக்டோபரில் சென்னையிலிருந்து ஒரு தொழில்நுட்பரை அழைத்துவர எஸ் பாஸுக்கு, அதாவது நடுத்தரத் திறனுள்ள வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதிக்கு, விண்ணப்பித்தேன். அவருக்கு 36 வயது, கைதேர்ந்தவர். சில வாரங்களில் நிராகரிப்பு வந்தது. அன்று மாலையே அவர் அழைத்தார்.

"அக்கா, அங்கே வேலையை விட்டுவிட்டேன். இப்போது என்ன செய்வது?"

ராஜினாமா கொடுக்கலாமா என்று அவர் முன்பு கேட்டபோது, "கொடுங்கள், கிடைத்துவிடும்" என்று சொன்னவள் நான்தான். அது இன்றும் உறுத்துகிறது.

எஸ் பாஸ் மேல்முறையீட்டை ஊழியர் தாமே போட முடியாது. விண்ணப்பித்த நிறுவனமோ அதன் முகவரோதான் மனிதவள அமைச்சின் இணையச் சேவை வழியாகப் போட வேண்டும். நிராகரிப்புத் தேதியிலிருந்து மூன்று மாதம் அவகாசம். அன்றிரவே உட்கார்ந்து இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன்: அவருடைய திறமை, குடும்பச் சூழல், எங்களுக்கு ஆள் கிடைக்காத சிரமம். மறுநாள் எங்கள் கணக்காளர் அதைப் படித்துவிட்டு, "நிராகரிப்பில் சம்பளம் போதாது என்று போட்டிருக்கிறது. இதில் சம்பளத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?" என்று கேட்டார். கடிதத்தை அப்படியே அழித்தேன்.

தவறு எங்களுடையது. 2025 செப்டம்பர் 1 முதல் எஸ் பாஸுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அந்த எண்ணை மட்டும் பார்த்து அதையே போட்டிருந்தேன். அது இளையவர்களுக்கான தொகை. வயது கூடக் கூட அது ஏறிக்கொண்டே போய், 45 வயதில் 4,800 வெள்ளியைத் தொடுகிறது. 36 வயதுக்காரருக்கு 4,000 வெள்ளிக்கு மேல் தேவை. மிகைநேர ஊதியத்தைச் சேர்த்துக் கணக்குக் காட்டவும் வழியில்லை. அடிப்படைச் சம்பளமும் மாதந்தோறும் மாறாமல் கொடுக்கும் படிகளும் மட்டுமே நிலையான மாதச் சம்பளமாக எடுத்துக்கொள்ளப்படும். அமைச்சின் இணையத்தளத்தில் உள்ள சுயமதிப்பீட்டுக் கருவியில் வயதையும் சம்பளத்தையும் போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் இது தெரிந்திருக்கும்.

முதலாளி இரண்டு நாள் பேசவே இல்லை. இடையில் அவருக்குத் தெரிந்த ஒருவர் ஒரு யோசனை சொன்னார்: தாளில் முழுச் சம்பளத்தைக் காட்டுவது, பிறகு மாதாமாதம் ஒரு பகுதியை ரொக்கமாகத் திரும்ப வாங்கிக்கொள்வது. நான் மறுத்துவிட்டேன். பொய்த் தகவல் கொடுத்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. தண்டனை இருக்கட்டும், நம்மை நம்பிக் கடல் தாண்டி வருகிறவரின் சம்பளத்திலிருந்து எடுப்பதற்குப் பெயர் திருட்டு. முதலாளியிடம் இதை நேராகவே சொன்னேன். மூன்றாம் நாள் சம்பளத்தை உயர்த்த ஒப்புக்கொண்டார்.

அதே வாரம் ஊரில் ஒரு தரகர், பணம் கொடுத்தால் மேல்முறையீட்டை முடித்துத் தருவதாக அந்தத் தொழில்நுட்பரின் மனைவியிடம் பேசியிருக்கிறார். ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம் என்று அவசரமாக அழைத்துச் சொன்னேன்.

மேல்முறையீட்டை அனுப்புமுன் ஒதுக்கீட்டையும் சரிபார்த்தது நல்லதாயிற்று. சேவைத் துறையில் மொத்த ஊழியரில் 10 விழுக்காடு வரைதான் எஸ் பாஸ். ஒருவரை எடுக்க ஒன்பது உள்ளூர் ஊழியர்கள் வேண்டும். எங்களிடம் சரியாக ஒன்பது பேர் இருந்தார்கள். ஆனால் தாயாரைக் கவனிக்க ஒரு அம்மா அண்மையில் பகுதிநேரத்துக்கு மாறியிருந்தார். ஒருவரை முழு ஆளாக எண்ண அப்போது மாதம் 1,600 வெள்ளி சம்பளம் வேண்டியிருந்தது; அவருடைய சம்பளம் அதற்குக் கீழே இறங்கியதால் அவர் அரை ஆளாகத்தான் எண்ணப்பட்டார். உள்ளூரில் முழுநேர ஊழியர் ஒருவரைச் சேர்த்தோம். அழைப்புகளை எடுக்க எங்களுக்கு உண்மையாகவே ஆள் தேவைப்பட்டது. அவரும் கணக்கில் சேர அவருடைய மத்திய சேமநிதிப் பங்களிப்பு பதிவில் ஏற வேண்டும். அதுவரை நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், மேல்முறையீட்டுக்கான மூன்று மாதம் கரைந்துகொண்டிருந்தது.

கெடுவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அனுப்பினேன். விளக்கம் ஐந்தே வரி: பழைய சம்பளம், புதிய சம்பளம், அடிப்படை எவ்வளவு, படி எவ்வளவு, இப்போதைய உள்ளூர் ஊழியர் எண்ணிக்கை. இரு தரப்பும் கையெழுத்திட்ட திருத்திய வேலை ஒப்பந்தத்தையும் இணைத்தேன்.

ஐந்து வாரம் கழித்து ஒரு காலையில் ஐபிஏ கடிதம், அதாவது கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம், வந்தது. சென்னைக்கு அழைத்தேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அக்கா, கடிதத்தில் என் பெயர் சரியாக இருக்கிறதா, பாருங்கள்" என்றார். எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினேன்.

அவர் வந்து சேர்ந்த முதல் மாதம், சம்பளச் சீட்டை நானே அச்சிட்டேன். ஒப்பந்தத்தில் உள்ள தொகை ஒரு வெள்ளி குறையாமல் அவர் வங்கிக் கணக்கில் ஏறியதைச் சரிபார்த்த பிறகே அந்தக் கோப்பை மூடினேன்.