டியூட்டி மாறும் நேரம்

"பதினோராம் பெட் தாத்தாவுக்கு யூரின் கம்மி. டாக்டருக்குச் சொல்லியாச்சு."

சீனியர் சிஸ்டர் அவ்வளவுதான் பேசுவார். கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரித் துண்டில் நேரமும் அளவும் மட்டும்.

புதிதாக வந்த பெண்ணோ, தாத்தா ராத்திரி மகனைக் கேட்டு அழுததிலிருந்து தொடங்கினாள். அவர் தண்ணீரே குடிக்கவில்லை என்பது அந்தக் கதைக்குள்தான் இருந்தது.

எனக்கு இரண்டு பேரும் வேண்டும்.

அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து மருத்துவமனைக்கு வந்த, தகவல் சொல்லும் முறை எஸ்பார் (SBAR): நிலைமை, பின்னணி, கணிப்பு, பரிந்துரை. யார் எப்படிப் பேசினாலும் இந்த நான்கும் வந்துவிட்டால் நோயாளிக்குப் பாதுகாப்பு.

"நீ என்னம்மா நினைக்கிற?" என்று அவளிடம் கேட்டேன்.

"உடம்புல நீர்ச்சத்து குறைஞ்சிருக்கும்க்கா."

ரவுண்ட்ஸில் அதை அவளையே சொல்லச் சொல்லியிருக்கிறேன்.