முட்டையைப் பார்க்காதீர்கள், கொட்டகையைப் பாருங்கள்

ஒரு முட்டையை உடைத்துப் பார்த்து, அது கூண்டுக் கோழி இட்டதா இல்லையா என்று எந்தச் சமையல்காரராலும் சொல்ல முடியாது. பழுப்பு ஓடு என்றாலே கூண்டில்லா முட்டை என்று நம்பி வாங்கும் ஓட்டல்கள் நிறைய. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. பழுப்பு முட்டைக் கோழிகளையும் கூண்டில் அடைக்கிறார்கள்.

மத்திய அரசின் 2023 விதிகள் கூண்டில் ஒரு கோழிக்குக் குறைந்தது 550 சதுர செ.மீ. இடம் கேட்கின்றன. ஒரு ஏ4 தாள் அதைவிடப் பெரியது. அந்த இடத்தில் கோழியால் இறக்கையை முழுதாக விரிக்க முடியாது, மண்ணில் புரள முடியாது. முட்டையிடும் நேரம் வந்தால் கோழி ஒதுக்குப்புறம் தேடித் தவிக்கும். கூண்டில் அந்தத் தவிப்பு தினசரி.

அதனால் கூண்டில்லா முட்டை வாங்கும் ஓட்டலின் கொள்முதல் பிரிவிலிருந்து ஒருவர் பண்ணைக்குப் போகத்தான் வேண்டும். கொட்டகைக்குள் நின்று பார்த்தால் போதாது, கோழியின் உயரத்துக்குக் குந்தி உட்கார வேண்டும். கண் எரிந்தால் அம்மோனியா தேங்கியிருக்கிறது. ஒரு கை உமிக் கூளத்தை அள்ளி அழுத்திப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது. கட்டியாக நின்றால் ஈரம். கோழிகளின் ரத்தக்கழிச்சல் நோய் அங்கிருந்துதான் கிளம்பும். கணக்குக்கு ஐரோப்பிய அளவுகள் உதவும்: ஒரு சதுர மீட்டருக்கு 9 கோழிக்கு மேல் கூடாது, உட்காரும் கம்பில் தலைக்கு 15 செ.மீ., 7 கோழிக்கு முட்டையிட ஒரு பெட்டி.

பெட்டி இருந்தும் தரையில் முட்டை கிடந்தால், குஞ்சுப் பருவத்தைக் கூண்டில் கழித்த கோழிகளா என்று கேளுங்கள். கம்பில் ஏறவும் பெட்டிக்குள் நுழையவும் அவை பழகியிருக்காது. அழுக்கான தரை முட்டையைச் சரியான முறையின்றிக் கழுவினால் ஓட்டின் மேல்பூச்சு போய், கிருமி உள்ளே இறங்கும். ஆஃப்பாயில் போடும் சமையலறைக்கு அது ஆகாது.

அடுத்தது எண்ணிக்கை. 3,000 கோழி உள்ள பண்ணையில் 90 சதவீதம் முட்டையிட்டாலும் ஒரு நாளைக்கு 2,700 முட்டை, அதாவது அட்டைக்கு 30 வீதம் 90 அட்டை. எல்லா வாடிக்கையாளருக்குமான பில்களைக் கூட்டி அதற்கு மேல் வந்தால், வெளி முட்டை கலக்கிறது. பேக்கரிக்கு வரும் திரவ முட்டையையும் மயோனைஸையும் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. காலை ஆம்லெட் மட்டும் கூண்டில்லா முட்டைக்கு மாறி, கேக் பழையபடியே இருக்கும்.

கலப்படத்துக்கு ஓட்டலும் ஒரு காரணம் என்பதைச் சொல்லியாக வேண்டும். புரட்டாசியில் ஆர்டரைப் பாதியாக்குகிறோம். கோழி இடுவதை நிறுத்துமா? கல்யாண சீசனில் திடீரென்று இரண்டு மடங்கு கேட்கிறோம், குறைந்தால் அபராதம் என்கிறோம். பண்ணைக்காரர் சந்தை முட்டையை வாங்கித்தான் நிரப்புவார். ஒப்பந்தத்தில் மாதாமாதம் எடுத்தே தீர வேண்டிய குறைந்தபட்ச அளவும், அன்றாடச் சந்தை விலையோடு ஏறி இறங்காத நிலையான விலையும் வேண்டும். "இன்று ஸ்டாக் இல்லை" என்று அவர் சொன்னால் அபராதம் கிடையாது என்ற ஒரு வரியும் அதில் இருக்க வேண்டும்.