அரை கிலோ உல்லனும் அப்பாவோட ரெண்டாவது கையும்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி டிசம்பர்ல அப்பா மதுரையிலருந்து குன்னூர்ல எங்க வீட்டுக்கு வந்திருந்தாரு. ரெண்டு சட்டை, அதுக்கு மேல என் வீட்டுக்காரரோட ஜெர்கின், அதுக்கும் மேல ஒரு போர்வைன்னு சுத்திக்கிட்டு சமையக்கட்டுல அடுப்புக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்தவரு எந்திரிக்கவே இல்ல. சரி நம்மதான் பின்னல் கத்துக்கிட்டோமே, குல்லா மஃப்ளர்னே எத்தன நாள் ஓட்டறது, அப்பாவுக்கு ஒரு முழுக்கை ஸ்வெட்டர் பின்னிக் குடுத்துருவோம்னு அன்னிக்கே பஜாருக்குக் கெளம்பிட்டேன்.

கடையில "அண்ணா, ஒரு ஸ்வெட்டருக்கு எவ்வளவு உல்லன் வேணும்?"னு கேட்டேன். "அரை கிலோ எடுத்துக்கோங்கம்மா, எல்லாரும் அதான் எடுப்பாங்க." யாருக்குன்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல. 50 கிராம் பந்து பத்து வாங்கிட்டு வந்தேன், அக்ரிலிக்தான், டிகேன்னு சொல்ற நடுத்தர கனம், நல்ல சாம்பல் நிறம், அப்பா பாஷையில யானை கலர்.

பின்னு பின்னுன்னு பின்னி, பின்பக்கம் முடிஞ்சுது, முன்பக்கம் முடிஞ்சுது, ஒரு கை முடிஞ்சுது, ரெண்டாவது கையில மணிக்கட்டு ரிப், அதான் இழுத்தா விரியற பட்டி, அதத் தாண்டி முழங்கைக்குக் கொஞ்சம் கீழ வந்து நிக்கறேன், பையில கைய விட்டா நூல் இல்ல. கழுத்துப்பட்டி வேற பாக்கி. அப்பதான் புரிஞ்சுது, அந்த அண்ணா சொன்ன அரை கிலோ ஒண்ணும் தப்பான கணக்கு இல்ல, 36 இன்ச் 38 இன்ச் மார்பளவு இருக்கற ஆளுக்கு அது சரியாவே இருக்கும், எங்கப்பா 44. அதுக்கு மேல கொஞ்சம் தொளதொளன்னு இருக்கணும்னு நான் வேற சுத்தளவு 120 சென்டிமீட்டர் வச்சிருந்தேன், நீளம் 68.

திரும்ப அதே கடைக்கு ஓடுனேன். அதே கம்பெனி, அதே ஷேட் நம்பர், மூணு பந்து வாங்கினேன். கடை டியூப்லைட்டுல ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. வீட்டு வாசல்ல வெயில்ல வச்சுப் பாத்தா பழசு யானை, புதுசு மழை மேகம், லேசா நீலம் அடிக்குது. லேபிள்ல ஷேட் நம்பர் தவிர லாட் நம்பர்னு ஒண்ணு இருக்கும், ஒவ்வொரு தடவ சாயம் முக்கும்போதும் அது மாறும், ஷேட் ஒண்ணா இருந்தாலும் லாட் மாறுனா நெறம் துளி மாறிரும். எனக்கு அன்னிக்கு வரைக்கும் அந்த நம்பர பாக்கணும்னே தெரியாது. நூல் பத்தாம போறதுல இருக்கற உண்மையான தலைவலி இதுதான், இல்லன்னா என்ன, போய் இன்னொரு பந்து வாங்கிட்டு வந்துரலாம்ல.

பக்கத்து வீட்டு அக்காதான் காப்பாத்துனாங்க. எனக்கு ஊசி புடிக்கக் கத்துக்குடுத்ததே அவங்கதான், ஊட்டியில பொறந்து வளந்தவங்க, முப்பது வருஷமா பின்னறவங்க. ஸ்வெட்டர திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, முடிச்சு வச்சிருந்த மொதல் கையையும் அதே எடம் வரைக்கும் பிரிக்கச் சொன்னாங்க. வயிறு எரிஞ்சுது, ஆனாலும் பிரிச்சேன். ரெண்டு கையிலயும் ஒரே எடத்துலருந்து புது லாட், கழுத்துப்பட்டிக்கும் புது லாட். பாக்கறவங்க இத டிசைன்னு நெனைச்சுக்கிட்டாங்க, நானும் மறுக்கல.

அதுக்கப்பறம்தான் அக்கா கேட்டாங்க, "நீங்க ஏன் மொதல்ல ஒரு பந்து பின்னிப் பாக்கல?" அவங்க கணக்கே வேற மாதிரி. பேட்டர்ன் படிக்க மாட்டாங்க, கால்குலேட்டர் தொட மாட்டாங்க. மொதல்ல ஒரே ஒரு பந்து வாங்குவாங்க, கடைக்காரர்ட்ட "அதே லாட்டுல ஒரு டஜன் எடுத்து வைங்க, நாலு நாள்ல வரேன்"னு சொல்லிட்டு வருவாங்க. பின்பக்கத்துக்கு வேண்டிய முழு அகலத்துக்கு ஸ்டிட்ச் ஏத்தி, அந்த ஒரு பந்து தீர்ற வரைக்கும் பின்னிட்டு, எவ்வளவு உயரம் ஏறுச்சுன்னு டேப் வச்சு அளப்பாங்க. அவ்வளவுதான். கணக்கு அங்கயே முடிஞ்சுது.

என் சாம்பல் ஸ்வெட்டர வச்சே போட்டுப் பாத்தோம். பின்பக்கம் 60 சென்டிமீட்டர் அகலம், ஒரு பந்துக்கு கிட்டத்தட்ட 17 சென்டிமீட்டர் ஏறுது. நீளம் 68னா பின்னுக்கு நாலு பந்து, முன்னுக்கு நாலு பந்து. ஒரு கைங்கறது மணிக்கட்டுல ஒடுக்கமாவும் மேல அகலமாவும் இருக்கும், சராசரியா 33 அகலம், 48 நீளம், அதுக்கு ஒன்றரை பந்து, ரெண்டு கைக்கு மூணு. கழுத்துப்பட்டிக்கும் தைக்கறதுக்கும் சேத்து ஒண்ணு. மொத்தம் பன்னெண்டு, பயத்துக்கு இன்னும் ஒண்ணு ரெண்டு. அதாவது 650லருந்து 700 கிராம். நான் வாங்குனது 500. ரெண்டாவது கையில போய் நின்னதுல என்ன ஆச்சரியம்?

நெட்ல படிச்சுட்டு நான் ஸ்வாட்ச் வழியையும் செஞ்சு பாத்தேன், பதினஞ்சுக்குப் பதினஞ்சு சென்டிமீட்டர்ல ஒரு சதுரம் பின்னி, அத எடை போட்டு, ஸ்வெட்டரோட மொத்தப் பரப்பளவு அந்தச் சதுரம் மாதிரி எத்தன மடங்கோ அதால பெருக்கறது. ஐடியா சரிதான். ஆனா என் சமையக்கட்டு தராசு முழு கிராம்தான் காட்டும், அந்தத் துண்ட ஒரு தடவ வச்சா 11ங்குது, எடுத்துட்டு வச்சா 10ங்குது. அந்த ஒரு கிராம்ல மொத்தக் கணக்கு பத்து சதவீதம் ஆடும், அதாவது ஒரு பந்துக்கு மேலயே. நகைக்கடை தராசு இருக்கறவங்க தாராளமா இப்படிப் போடலாம். ஸ்வாட்ச் வேண்டாம்னு சொல்ல வரல, டென்ஷன், அதாவது பின்னல் எவ்வளவு இறுக்கமா வருதுன்னு பாக்கறதுக்கு அது வேணும், தொவைச்சுக் காயவச்சும் பாக்கணும், குன்னூர்ல நவம்பர் மழையில காய மூணு நாள் ஆகுங்கறது தனி சோகம்.

இன்னொரு குறுக்கு வழி, அதே அளவு ஆளோட பழைய கைப்பின்னல் ஸ்வெட்டர் ஏதாவது இருந்தா அப்படியே தராசுல வச்சுருங்க. ஆனா நூலும் அதே வகையா இருக்கணும், இல்லன்னா மோசம் போயிருவீங்க. ஏன்னா கிராம்ங்கறது ஆள ஏமாத்தும். காட்டன் நூல் அக்ரிலிக்கவிட கனம், 50 கிராம் பந்துல அக்ரிலிக் எவ்வளவு ஓடுமோ அதே தடிமன் காட்டன் அவ்வளவு ஓடாது. என் சித்தி பொண்ணு கோயமுத்தூர்ல இருக்கா, அங்க அடிக்கிற குளிருக்கு காட்டன் போதும்னு கேட்டா, அக்ரிலிக் கணக்குல வாங்கியிருந்தா அதுவும் கையில வந்துதான் நின்னுருக்கும்.

அதனால நூல மாத்தும்போது மீட்டர பாக்கணும். நடுத்தர அளவு பொம்பளைங்க ஸ்வெட்டருக்கு டிகேல ஆயிரத்துலருந்து ஆயிரத்து இருநூறு மீட்டர் வரும். மெல்லிசு ஃபிங்கரிங் நூல்னா ஆயிரத்து நானூறு மீட்டர் கிட்ட ஓடும், ஆனா 100 கிராம்லயே 400 மீட்டர் இருக்கறதால 350 கிராம்லயே முடிஞ்சுரும். தடியான பல்க்கி நூல்ல 750 மீட்டர்தான் போகும், எடைய பாத்தா 650 கிராமத் தாண்டும். மெல்லிசுல மாசக்கணக்குல பின்னணும், தடி நூல்ல சீக்கிரம் முடியும் ஆனா போட்டா ரஜாய் மாதிரி கனக்கும். அமெரிக்கக்காரங்க பேட்டர்ன்ல கெஜக் கணக்கு இருக்கும், ஒரு கெஜம் 91 சென்டிமீட்டர் சொச்சம், 1300 கெஜம்னா 1190 மீட்டர் வாங்குனா போதும். தலைகீழா கொழப்பிக்கிட்டாதான் வம்பு, மீட்டர்ல கேட்டத கெஜத்துல வாங்கிட்டா நூத்துச் சொச்சம் மீட்டர் இடிக்கும்.

டிசைனும் நூல தின்னும். இதெல்லாம் ப்ளெய்ன் பின்னலுக்கான கணக்கு. கேபிள்னு கயிறு மாதிரி முறுக்கற டிசைன் போட்டா இருபது முப்பது சதவீதம் கூடப் போகும், ஏன்னா முறுக்க முறுக்க துணி சுருங்கும், அதே அகலத்துக்குக் கூட ஸ்டிட்ச் ஏத்தணும். ரிப்பும் அப்படித்தான்.

இப்ப நான் பின்னற வரிசையையே மாத்திட்டேன், பின்பக்கம் முடிச்சதும் ரெண்டு கையையும் பின்னிருவேன், முன்பக்கமும் கழுத்தும் கடைசி. நூல் இழுபறியானா கழுத்துப்பட்டிக்கு வேற கலர் குடுத்து சமாளிச்சுரலாம், கைய என்ன பண்றது? லேபிள் ஒண்ண பத்திரமா நோட்டுல ஒட்டி வச்சிருக்கேன். கடைக்காரர்ட்ட பிரிக்காத பந்த திருப்பி எடுத்துப்பீங்களான்னு முன்னாடியே கேட்டுருவேன், எடுத்துக்குவாங்கன்னா ரெண்டு கூடவே வாங்கிருவேன்.

அப்பாவுக்கு பின்னுனத பாத்துட்டு அம்மா "ஏண்டி, எனக்கெல்லாம் கெடையாதா"ன்னு ஆரம்பிச்சு, இப்ப அவங்களோடது ஓடிட்டிருக்கு, மெரூன், முன்பக்கத்துல மட்டும் கேபிள். பதினோரு பந்து வாங்கினேன். பின்பக்கம் மூணு பந்து, கை ரெண்டும் சேந்து மூணுக்குக் கொஞ்சம் கம்மி, முன்பக்கம் நாலாவது பந்துல பாதிக்கு மேல போயிருச்சு, எல்லாம் போக ஒன்றரை பந்து மிச்சம், கழுத்து மட்டும் பாக்கி. நேத்து போன்ல அம்மா, "கழுத்த நல்லா ஏத்தி மூடுற மாதிரி வையிடி, சளி புடிக்குது"ங்கறாங்க. உயரக் கழுத்து, அதுவும் மடிச்சு விடற மாதிரி. ஒக்காந்து போட்டுப் பாத்தேன், ரிப்புக்கும் சேத்து ஒண்ணேகால் பந்து வருது.