மனதைக் காலியாக்குவதுதான் ஜெபமா?

சென்டரிங் பிரேயர் என்ற மௌன ஜெப முறை பற்றி இங்கே சிங்கப்பூரில் நம் தமிழ்ச் சபைகளிலும் பேச்சு அடிபடுகிறது. 1970களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் துறவிகள் உருவாக்கிய முறை இது. 20 நிமிடம் கண்மூடி உட்கார்ந்து, நினைவு அலையும்போதெல்லாம் தெரிந்தெடுத்த ஒரு சொல்லுக்குத் திரும்ப வேண்டும்.

அமைதி எனக்குப் பகை இல்லை. காலையில் எம்ஆர்டி ரயில் நெரிசல், இரவு வரை வேலை, ஓயாத கைபேசி. இந்த ஊரில் அமைதிக்கு ஏங்காதவர் யார்? முதலாம் சங்கீதமே இரவும் பகலும் தியானிக்கிறவனைப் பாக்கியவான் என்கிறது. ஆனால் அவன் தியானிப்பது கர்த்தருடைய வேதத்தை. வசனத்தை ஒதுக்கிவிட்டு மனதைக் காலியாக்குவதுதான் எனக்கு நெருடுகிறது.

உள்ளே ஓர் இதம் தோன்றினால் அது ஆவியானவர்தான் என்று எப்படி முடிவு செய்வது? ஆவிகளைச் சோதித்தறியச் சொல்லி யோவான் எழுதியது விசுவாசிகளுக்குத்தானே! உடற்பயிற்சியால் வரும் இதமான உணர்வை ஆவியானவரின் ஆறுதலாக எடுத்துக்கொள்வது தவறு என்று வத்திக்கானும் 1989இல் ஒரு கடிதத்தில் எச்சரித்தது.

அதற்காக, மௌனமாக ஜெபிக்கிறவர்களை எல்லாம் பிசாசு பிடித்தவர்கள் என்பது அநியாயம். கேட்கவே மனம் வலிக்கிறது.

ஈசூன் வட்டாரத்தில் கூடும் எங்கள் செல் குரூப்பில் (சிறு ஜெபக் குழுவில்) இதைப் பற்றிக் கேட்ட ஒரு அக்காவிடம் இதைத்தான் சொன்னேன்: "23ஆம் சங்கீதத்தை எடுங்கக்கா. ஒரு வசனம் வாசித்து நிறுத்துங்க. 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்பதிலேயே கொஞ்ச நேரம் இருங்க. அப்புறம் அவரோடு பேசுங்க. குழப்பம் வந்தால் தனியாக வைத்துக்கொள்ளாமல் போதகரிடம் கேளுங்க."

உங்கள் சபையில் இதைப் பற்றி என்ன போதிக்கிறார்கள்? எழுதுங்கள்.