தூதுவர்கள் வாக்குக் கேட்டு வரும்போது

கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்தில் முன்னொரு காலத்தில் பணியாற்றிய இருவர், ஐந்தாண்டு இடைவெளியில் பஞ்சாபின் அமிர்தசரஸ் தொகுதியில் பாரதிய ஜனதாவின் வேட்பாளர்களாக நின்று, ஒரே மனிதரிடம், அதாவது காங்கிரஸின் குர்ஜீத் சிங் அவுஜ்லாவிடம், தோற்றார்கள். 2019இல் தோற்ற ஹர்தீப் சிங் பூரி, 1987 யூலையில் பிரபாகரனை டில்லிக்கு அழைத்துச் செல்லும் ஏற்பாடுகளுக்காக யாழ்ப்பாணம் வந்துபோனவர் என்பதால் எங்கள் மூத்தவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். 2024இல் தோற்ற தரண்ஜித் சிங் சந்து, 2017 தொடக்கம் 2020 வரை கொழும்பில் உயர்ஸ்தானிகராக இருந்தவர். வெளிநாட்டுச் சேவையிலிருந்து உள்ளூர் அரசியலுக்குப் போகும் பாதையைப் பற்றி நான் யோசிப்பதற்கு இவர்கள் மட்டும் காரணமல்லர். நான் பார்த்த வேலையும் ஒரு காரணம்.

போரில் வீடிழந்த குடும்பங்களுக்கான இந்திய வீடமைப்புத் திட்டம் வன்னியில் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், முல்லைத்தீவு மாவட்டத்தில் அதை நடைமுறைப்படுத்திய நிறுவனமொன்றில் கள உத்தியோகத்தராக இருந்தேன். ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா; அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை நகர நகரப் பணம் பயனாளியின் வங்கிக் கணக்குக்குக் கட்டங்கட்டமாக வரும்; வீட்டைக் கட்டுவிப்பது அவர்களுடைய பொறுப்பு. இந்தத் திட்டத்தையும் மீள்குடியேற்றத்தையும் பார்ப்பதற்குப் பல நாடுகளின் தூதரக அதிகாரிகள் வருவார்கள். அவர்களை ஒழுங்கைகளுக்குள் கூட்டிச் செல்வது என்னைப் போன்றவர்களின் வேலை.

அவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. ஒட்டுசுட்டான் பக்கம் கூரை மட்டத்தில் நின்றுபோன ஒரு வீட்டு வாசலில், கணவனை இழந்த ஓர் அக்கா மணல் விலையைப் பற்றி முறைப்பட்டார். வந்திருந்த அதிகாரி (எந்த நாட்டவர் என்பது இங்கே தேவையில்லை) பிளாஸ்திக் கதிரையைச் சற்று முன்னுக்கு இழுத்துப் போட்டு, மணல் எந்த ஆற்றிலிருந்து வருகிறது, அனுமதிப்பத்திரம் யார் கொடுப்பது, உழவு இயந்திரக்காரர் ஒரு லோட்டுக்கு என்ன கேட்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சிறிய கொப்பியில் எழுதினார். எங்கள் அலுவலகக் கூட்டங்களில்கூட ஒருவரும் அவ்வளவு நுணுக்கமாகக் கேட்டதில்லை. இறுதியில், இதை உரிய இடத்தில் தெரியப்படுத்துவதாகச் சொல்லிக் கைகூப்பி விடைபெற்றார். வாகனம் வீதிக்கு ஏறியதும் அந்த அக்கா என்னிடம் கேட்டார்: “தம்பி, அவர் ஓமெண்டவரோ, இல்லையெண்டவரோ?”

இரண்டும் இல்லை என்பதுதான் உண்மை. தன் அரசாங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் ஒரு சொல்லைக்கூட வாக்குறுதியாக விட்டுவிடாமல் இருப்பதற்கே அந்த மனிதர் பல ஆண்டுகள் பழக்கப்பட்டவர். அந்த அடக்கத்தைக் குறையென்று நான் சொல்லமாட்டேன். மணலுக்கு அதிகாரமில்லாத ஒருவர் மணல் தருவேன் என்று சொல்லியிருந்தால் அதுதான் குற்றம். ஆனால் வாக்காளருக்கு முன்னால் அதே அடக்கம் நழுவலாகத் தோன்றிவிடுகிறது. பின்னொரு தேர்தல் காலத்தில் அதே ஒழுங்கைக்கு வந்த உள்ளூர் வேட்பாளர் ஒருவர், எதையும் குறித்துக்கொள்ளாமலே “வாற மாதம் செய்து தாறன்” என்றார். அந்த மாதம் போனது, மணல் வரவில்லை. ஆனாலும் சனம் அவரைச் சந்தையிலும் கோயில் திருவிழாவிலும் மறித்துக் கேட்டது. கொடுத்த வாக்குப் பொய்யானாலும், ஆளைப் பிடித்துக் கேட்பதற்கு அதில் ஒரு பிடி இருந்தது. கொப்பியில் எழுதிக்கொண்டு போனவரை எங்கே போய்க் கேட்பது?

சந்துவின் தோல்விக்கு இதுதான் காரணம் என்று சொன்னால் அது வெறும் கதையாகிவிடும். 2024இல் பஞ்சாபின் 13 தொகுதிகளில் ஒன்றைக்கூட அவருடைய கட்சி வெல்லவில்லை. விவசாயிகளின் கோபம் வேட்பாளர்களை ஊர் எல்லைகளில் மறித்துக் கேள்வி கேட்கும் அளவுக்கு இருந்தது. அவரை வெளியாள் என்றும் தள்ள முடியாது. பொற்கோயில் வளாகத்தில் சீக்கிய குருத்வாராப் பிரபந்தகக் குழுவின் தலைமையகக் கட்டடம் அவருடைய பாட்டனார் தேஜா சிங் சமுந்திரியின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. ஆனால் சனவரியில் ஓய்வு, மார்ச்சில் கட்சி, யூன் 1இல் வாக்களிப்பு என்ற கால அளவு, மறித்துக் கேட்கப்படுவதற்கும் திரும்பி வந்து பதில் சொல்வதற்கும் போதவே போதாது. குடும்பப் பெயர் வேட்பாளரை வாசல்வரைக்கும் கூட்டிப்போகும், அதற்கு மேல் அவரேதான் பேசியாக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பாடசாலை அதிபர்களும் வைத்தியர்களும் அரசியலுக்கு வந்திருக்கிறார்கள். உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்த சி. வி. விக்னேஸ்வரன் 2013இல் வட மாகாண முதலமைச்சராகவே வந்தார். அவர்களோடு ஒப்பிடும்போது ஓய்வுபெற்ற தூதுவர் ஒருவருக்கு அனுகூலம் கூடவென்றே நினைக்கிறேன், ஏனெனில் கேட்கும் பழக்கம் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அவர் பழக வேண்டியது கிராம சேவகர் தினமும் செய்வதை: உதவிப் பட்டியலில் பெயரில்லாதவரிடம், பெயரில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, மறுநாளும் அதே ஊரில் இருப்பதை. அதைப் பழகுவதற்குப் பொருத்தமான இடம் மாகாண சபை. வடக்கில் அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, பிறகு தேர்தல் வருடக்கணக்காகத் தள்ளிப்போனது. எஞ்சுவது நாடாளுமன்றத்தில் வன்னிக்குரிய ஆறு ஆசனங்கள். அவற்றுக்குப் போட்டியிடுபவர் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களிலும் விருப்பு வாக்கு (கட்சிக்குப் போடுவதோடு ஆளுக்கென்று இடும் வாக்கு) கேட்டு அலைய வேண்டும். ஓர் ஒழுங்கைக்கு இரண்டாவது தடவை போவதற்கு அவருக்கு நேரம் கிடைக்காது.