எடுத்தாச்சுன்னு வச்சுக்கலாம்

"எல்லாம் எடுத்தாச்சுல்லா தம்பி?"

"எடுத்தாச்சுன்னு வச்சுக்கலாம் அண்ணாச்சி."

"வச்சுக்கலாம்னா?"

"ஒண்ணு தண்ணியோட போயிருக்கும்."

"அப்ப கயித்த அவுத்துரட்டுமா?"

தலையை ஆட்டினேன். தீபாவளி அமாவாசைக்கு மறுநாள், மும்பை மாஹிம் கரை, காலை 6.50. முந்தின இரவு அங்கே வாணவேடிக்கை நடத்தியவன் நான்; வெடிக்காமல் விழுந்தவற்றைத் தேடி எடுத்தாயிற்றா என்பதுதான் கேள்வி. கயிற்றுக்கு அந்தப் பக்கம் மணல் சிற்பப் போட்டிக்கு வந்த பிள்ளைகள் வாளியும் கரண்டியுமாக நின்றார்கள். நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்த அண்ணாச்சி முடிச்சை அவிழ்த்ததும் ஓடி வந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அந்த ஐந்து வரி உரையாடல் என்னை விட்டுப் போகவில்லை.

காணாமல் போனது கியூ ஷீட்டில், அதாவது எது எப்போது கிளம்ப வேண்டும் என்ற பட்டியலில், 71-ஆம் எண். 4 அங்குல ஷெல், அதாவது பைப்பிலிருந்து ஏறி வானத்தில் வெடித்து விரியும் வாண உருண்டை; வகை வெள்ளி மழை. அன்று மொத்தம் 84: 3 அங்குலத்தில் 60, 4 அங்குலத்தில் 24. அதிர்வேட்டு ஒன்றுகூட வைக்கவில்லை. பேரியம் உப்புக்குத் தடை என்பதால் பச்சையும் இல்லை. சிவப்பு, வெள்ளி, கரித்தூளும் இரும்பும் தரும் பொன்னிறம், இவ்வளவுதான். ஒரு ஷெல்லுக்கு இரண்டு சத்தம். பைப்பை விட்டுக் கிளம்பும்போது 'தொம்', மேலே பூ விரியும்போது இன்னொன்று. இரண்டையும் கேட்டால்தான் ஷீட்டில் டிக். அதற்கென்றே ஒரு ஆள் வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பார். பட்டனைத் தட்டுகிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது, அவர் கண் பலகையில் இருக்கும். 71 'தொம்' என்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று எண்ணினோம். வானம் கறுப்பாகவே இருந்தது. அதற்குள் 72 கிளம்பிவிட்டது. கூட்டத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. தெரியாமல் இருப்பதுதான் இதில் சிக்கலே.

ஏறிய ஷெல் ஏன் வெடிக்காமல் விழுகிறது? பெரும்பாலும் திரிதான். ஷெல்லின் அடியில் ஒட்டியிருக்கும் கப்பில் கருமருந்து இருக்கும்: வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. அது எரிந்து ஷெல்லை மேலே தள்ளும்போதே அந்தத் தீ நேரத்திரியையும் (சில விநாடி எரிந்து, மேலே போனதும் ஷெல்லை வெடிக்க வைக்கும் திரி) பற்ற வைக்க வேண்டும். திரியின் வாய் ஈரம் குடித்திருந்தாலோ, பசை படிந்திருந்தாலோ தீ பிடிக்காது. மும்பையில் அக்டோபர், நவம்பரில் மழை நின்றாலும் கடற்கரைக் காற்றின் ஈரம் நிற்பதில்லை. மதியம் 3 மணிக்குப் பைப்பில் ஷெல்லை இறக்கி, ராத்திரி 9 வரை வாயைத் திறந்து வைத்தால் நமத்துப்போகத்தான் செய்யும். அதனால் இறக்கிய கையோடு ஒவ்வொரு பைப்பின் வாயிலும் அலுமினியத் தாளைக் கட்டிவிடுவோம். ஷெல் அதைக் கிழித்துக்கொண்டு போகும். அன்றும் கட்டினோம். 84-ல் மூன்று வெடிக்கவில்லை.

பைப்பை மணலில் மூன்றில் இரண்டு பங்கு புதைப்பதுதான் வழக்கம். ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், ஏறி இறங்கும் மணலில் அது நடக்காது. இரண்டடி தோண்டினால் அடியில் தண்ணீர் ஊறும், பைப் மெல்ல எழும்பிச் சாயும். சாய்ந்த பைப் கூட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டால் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அதனால் மரச் சட்டத்தில் எச்டிபிஇ என்ற கெட்டி பிளாஸ்டிக் பைப்களை நிறுத்தி, இரு பக்கமும் மணல் மூட்டை அடுக்கி, கடலைப் பார்த்துக் கொஞ்சம் சாய்த்து வைத்தோம். இரும்புக் குழாயை நான் தொடுவதே இல்லை, உள்ளேயே வெடித்தால் சிதறு குண்டாகிவிடும். பைப்புக்கும் கூட்டத்துக்கும் இடையே தூரக் கணக்கு அங்குலத்துக்கு 70 அடி: 3 அங்குலத்துக்கு 210, 4 அங்குலத்துக்கு 280. உயரம் ஏறக்குறைய அங்குலத்துக்கு 100 அடி. பைப் கடல் பக்கம் சாய்ந்திருப்பதால் பூ கடல் பக்கம் தள்ளி விரியும், வெடிக்காதது அதைவிடத் தள்ளி விழும். பாதுகாப்புக்குச் செய்த சாய்வுதான், ஆனால் வெடிக்காத ஷெல்லைத் தண்ணீருக்குள் கொண்டுபோய்ப் போட்டதும் அதே சாய்வுதான்.

ஓதத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், எல்லாம் அதில்தான் இருக்கிறது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மும்பையில் ஹைடைட் நடுப்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி வரும். கோலி மீனவர்கள் 'பர்த்தி' என்பார்கள். தண்ணீர் வற்றுவது காலை ஆறையும் மாலை ஆறையும் ஒட்டி. ஏற்றத்துக்கும் வற்றலுக்கும் 4 மீட்டரை ஒட்டிக்கூட வித்தியாசம் இருக்கும். அது ஒரே சீராக ஏறாது. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்தால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. மாலை 6-க்கு வற்றியிருந்தால் 8 மணிக்குக் கால்வாசி, 9-க்குப் பாதி, 10-க்கு முக்கால்வாசி ஏறியிருக்கும். சரிவு குறைந்த கரையில் அந்த இரண்டு மணி நேரத்தில் கடல் மடமடவென்று உள்ளே வரும்.

தீபாவளிக்கு வெடிக்க நமக்குக் கிடைத்திருக்கும் நேரமும் அதேதான். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வகுத்தது இரவு 8 முதல் 10 வரை. 2023-இல் மும்பை உயர் நீதிமன்றம் முதலில் 7 முதல் 10 என்று சொல்லி, சில நாளில் அதையும் 8 முதல் 10 என்று குறைத்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்து விடியற்காலையில் வெடிக்கிற நம் வீட்டுப் பழக்கத்துக்கு இந்த ஊரில் இடமில்லை என்ற வருத்தம் தாராவி அண்ணாச்சிமார் பலருக்கு உண்டு. எனக்கு அந்தக் கட்டுப்பாட்டில் மனத்தாங்கல் இல்லை. தெருத்தெருவாக வெடிப்பதைவிட ஒரே இடத்தில் எல்லாரும் கூடிப் பார்ப்பதை அந்தத் தீர்ப்பே ஊக்கப்படுத்தியது, என் தொழிலே அதுதான். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் அமாவாசை ஓதத்தோடு மோதுவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நான் போட்டிருந்த நேரம் 8.15. இருபது நிமிட நிகழ்ச்சி, 8.35-க்கு முடியும். அரை மணி நேரம் யாரும் பைப் பக்கம் போகக் கூடாது, புகைந்துகொண்டு கிடக்கும் ஷெல் தாமதமாகவும் கிளம்பலாம். 9.05-க்கு வயரைக் கழற்றி, பைப் வாய்க்கு நேரே தலையை நீட்டாமல் பக்கவாட்டில் நின்று டார்ச் அடித்துப் பார்த்து, பிறகு விழுந்த பகுதியைத் தேட வேண்டும். அப்போது கடல் பாதிதான் ஏறியிருக்கும். பாதி மணல் கையில் இருக்கும். அண்ணாச்சி, "லட்சுமி பூஜை முடிச்சுட்டுத்தான் சனம் வரும், ஒம்பதேகாலுக்கு வைங்க தம்பி" என்றார். வைத்தேன். அரை மணி காத்திருந்து இறங்கியபோது மணி 10.05. தேட வேண்டிய மணலில் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில் இருந்தது.

ஆக, தேடலை விடியலுக்குத் தள்ளினோம். அதிலும் ஒரு நெருக்கடி, அதை ஏற்படுத்தியவனும் நான்தான். திட்டம் போட்ட முதல் கூட்டத்திலேயே நான் சொன்னது: வாணவேடிக்கை மட்டும் ஒரு கரையை உயிர்ப்பிக்காது. இருபது நிமிடம் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள், முடிந்ததும் ஒரே சந்து வழியாக மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் வெளியேறும், மறுநாள் கரை பழையபடி கிடக்கும். கிர்காவ் சௌபாட்டிக்கும் மரைன் டிரைவுக்கும் கூப்பிடாமலே கூட்டம் வரும். மாஹிம் விரிகுடாவில் பாந்த்ரா–வொர்லி கடல் பாலம் கண்ணுக்கு எதிரே நிற்கிறது, ஆனால் மித்தி ஆறு கொண்டுவந்து தள்ளும் குப்பையைப் பார்த்து ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பகல் வெளிச்சத்தில் பிள்ளைகளோடு ஒரு தடவை இந்த மணலில் உட்கார்ந்தால்தான் அடுத்த வாரமும் வரத் தோன்றும். அதனால் நிகழ்ச்சி முடிந்த கையோடு விளக்கைப் போட்டுப் பாட்டு வையுங்கள், கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலையட்டும். மறுநாள் காலை 7 மணிக்குப் பிள்ளைகளுக்குப் போட்டி வையுங்கள் என்றேன். இன்றைக்கும் அது சரியான யோசனை என்றே நம்புகிறேன். அந்த யோசனைதான் என் கையில் தேடுவதற்கு ஒரே ஒரு மணி நேரத்தை மிச்சம் வைத்தது.

காலை 5.50-க்கு ஆறு பேர் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நின்று நடந்தோம். முதல் சுற்றில் 17-ஆம் எண்ணும் 52-ஆம் எண்ணும் கிடைத்தன, இரண்டும் 3 அங்குலம். 71 கிடைக்கவில்லை. கப் எரிந்துபோன பிறகு 4 அங்குல ஷெல் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பழுப்புக் காகிதம் சுற்றிய உருண்டை, ஒரு பக்கம் கருகிய திரிமுனை. நார் உரித்த தேங்காய் அளவு, ஏறக்குறைய அதே நிறம், குடுமி உட்பட. அந்தக் கரையிலோ பூஜைக்குக் கடலில் விட்ட தேங்காய்கள் எப்போதும் ஒதுங்கிக் கிடக்கும். அரையிருட்டில் டார்ச் வெளிச்சம் பட்ட உருண்டை ஒவ்வொன்றும் ஷெல்லாகத் தெரிந்தது, கிட்டே போனால் தேங்காய். பதினோரு தேங்காய் எடுத்தோம். கரையில் ஒதுங்கும் தேங்காயைப் பொறுக்குவது அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு விளையாட்டு.

எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானங்கள் இவை. எட்டு மணி நேரத்தில் பாதிக்கு மேல் உப்புத் தண்ணீரில் ஊறிய ஷெல் அன்று காலையில் வெடிக்காது. வடிகிற தண்ணீர் விரிகுடாவிலிருந்து வெளியே இழுக்கும். எண்ணும் ஆள் சத்தத்தைத் தவறவிட்டிருக்கலாம், 71-உம் 72-உம் சேர்ந்தே விரிந்திருக்கலாம். அனுமதியில் இருந்த நிபந்தனைகள் எதையும் மீறவில்லை. தீயணைப்பு வண்டி நின்றது, தூரம் சரியாக இருந்தது.

ஒவ்வொன்றுக்கும் பதிலும் எனக்கே தெரியும். ஊறிய மருந்து செத்த மருந்து அல்ல. பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய காகிதம் தண்ணீரை லேசில் உள்ளே விடாது; விட்டாலும் மொட்டை மாடியில் நாலு நாள் வெயிலில் கிடந்தால் காய்ந்துவிடும். அதனால்தான் கிடைத்த ஷெல்லைத் தண்ணீர் வாளியில் போட்டாலும் பிரிக்கக் கூடாது, வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, சப்ளையரிடமே ஒப்படைக்க வேண்டும் என்று புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வடிகிற தண்ணீர் வெளியே இழுப்பதை ஏறுகிற தண்ணீர் உள்ளே தள்ளும். தேங்காய்கள் அப்படித்தான் கரை சேர்கின்றன. எண்ணும் ஆள் தவறவிட்டிருக்க மாட்டார், நானும் சேர்ந்துதான் எண்ணினேன்.

ஒரு எண் குறைந்தால் கரையைத் திறக்கக் கூடாது என்பதே விதி. அதை நான்தான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று சொல்லியிருந்தால் அண்ணாச்சி கேட்டிருப்பார், கோபப்படுகிற மனுஷர் இல்லை. பிள்ளைகள் திரும்பிப் போயிருப்பார்கள். கயிறு கட்டி, 'வெடிகுண்டு கிடக்கிறது' என்று பேச்சு பரவியிருக்கும். ஒரு வருஷம் பாடுபட்டு ஜனங்களை வரவழைத்த கரைக்கு அந்தப் பேச்சு என்ன செய்திருக்கும்? இந்த நியாயம் எனக்கு அன்றும் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது. இது கரைக்காகச் சொன்ன நியாயமா, என் கணக்கு தப்பியதை மறைக்கச் சொன்னதா என்பதுதான் பிடிபடவில்லை.

'வச்சுக்கலாம்' என்ற சொல்லும் உறுத்துகிறது. இல்லை என்று சொல்லியிருந்தால் முடிவு என்னுடையது. ஆமாம் என்றால் பொய் என்னுடையது. வச்சுக்கலாம் என்றதால் பாதியை அவர் தோளில் இறக்கிவிட்டேன். 'வச்சுக்கலாம்னா?' என்று அவர் திருப்பிக் கேட்டாரே, அந்த இடத்தில் எனக்கு இன்னொரு வாய்ப்பு இருந்தது. தேங்காய் மாதிரி எது கிடைத்தாலும் தொடாமல் எங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள் என்று மைக்கில் ஒரு வரி சொல்லச் சொல்லியிருக்கலாம். போட்டியும் நடந்திருக்கும். அந்த வரி அன்று மதியம்தான் மண்டையில் உதித்தது.

இப்போது இடம் பார்க்கும்போது முதலில் ஓத அட்டவணையை எடுக்கிறேன். அமாவாசைக்குக் கரையில் 4 அங்குலம் வேண்டாம், சின்னச் சின்ன வாணங்களை அடுத்தடுத்து விடும் 120 ஷாட், 240 ஷாட் பெட்டிகளே போதும் என்று சொல்லிவிடுகிறேன். அதில் தீப்பிடிக்காதது பெட்டிக்குள்ளேயே நிற்கும்; ஏறி வெடிக்காமல் விழுவதும் சின்னது, அவ்வளவு தூரம் போய் விழாது. வானம் அந்த அளவுக்கு நிறையாது, பார்க்கிறவர்களுக்கு அது தெரியும்.

அன்று தண்ணீர் மறுபடி வற்றியது மாலை ஆறரை வாக்கில். 71-ஐத் தேட இன்னொரு முறை இறங்க அதுதான் நேரம். அந்த நேரத்தில் நான் கோடவுனில் பைப்களைக் கழுவிக் கவிழ்த்து, 84-உம் திரும்பி வந்ததா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். 84-உம் இருந்தன.